நூற்றுக்கு 11 பேர்!

துனிசியா வாலிபர்கள் ஓட்டுச்சாவடிக்குப் போகாதது ஏன்?

ஒரு நாட்டில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. காலையில் ஓட்டுச்சாவடிகளைத் திறந்து வைத்தார்கள். அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் காவல் போட்டிருந்தார்கள். எல்லாம் தயார். ஓட்டுப் போடத்தான் ஆள் வரவில்லை!

நூறு வாக்காளர்களில் 11 பேர்தான் வந்தார்கள். மீதி 89 பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நாடு துனிசியா. தேர்தல் நடந்த நாள் 2022-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி.

"அந்த ஊர்க்காரர்களுக்குத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கான தேர்தல் வேண்டும் என்று தெருவில் இறங்கிக் குண்டடி பட்டுச் செத்த ஜனங்கள் அவர்கள். 2011-ல் முதல் முதலாகச் சரியான தேர்தல் நடந்தபோது, மணிக் கணக்கில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். நம் ஊரில் வைப்பதுபோலவே அங்கும் விரலில் மை வைத்தார்கள். அந்த மை விரலைத் தூக்கிக் காட்டி நின்றவர்களின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

பதினோரு வருடம் கழித்து அதே ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் முன்னே நின்றவர்கள் யார் என்றால், 2011-ல் முன்னே நின்ற அதே வாலிபர்கள்தான்!

இது எப்படி நேர்ந்தது?

தள்ளுவண்டிக்காரர்

துனிசியா ஆப்பிரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. நிலப்பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஜனத்தொகையோ 1 கோடியே 20 லட்சம்தான்.

1956-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சுதந்திரம் வாங்கிய நாடு அது. அடுத்த 54 வருடத்தில் அந்த நாடு பார்த்த ஜனாதிபதிகள் இரண்டே இரண்டு பேர். முதலாமவர் பூர்கிபா. அடுத்தவர் பென் அலி. பென் அலி 23 வருடம் ஆண்டார். தேர்தலும் நடத்தினார். 1999 தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டு நூற்றுக்கு 99-க்கும் மேலே! அந்த மாதிரி தேர்தலைத்தான் அப்பா அம்மா பார்த்திருந்தார்கள். பிள்ளைகளும் பார்த்து வளர்ந்தார்கள்.

2010-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி. சீதி பூசித் என்ற உள்நாட்டு ஊர். முகமது புவாசிசி என்ற 26 வயது வாலிபர் தள்ளுவண்டியில் பழம், காய்கறி விற்றுப் பிழைத்து வந்தார். அதிகாரிகள் அவருடைய சரக்கையும் தராசையும் பறித்துக்கொண்டார்கள். முறையிடப் போன இடத்தில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர் சர்க்கார் ஆபீசுக்கு எதிரே வந்து நின்று, உடம்பில் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4-ந் தேதி ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

அந்த நெருப்பு நாடு முழுவதும் பரவியது. ஜனவரி 14-ந் தேதி பென் அலி குடும்பத்தோடு விமானம் ஏறிச் சவுதி அரேபியாவுக்கு ஓடிப்போனார்.

வாலிபர்கள் அன்று கேட்டது என்ன? வேலை, விடுதலை, மானம். இந்த மூன்றையும்தான் கூவினார்கள். இதில் 'வேலை' முதலில் வந்ததைக் கவனியுங்கள். பின்னால் வந்த கட்சிகள் கவனிக்காமல் போனது அதைத்தான்.

பகலில் சண்டை, இரவில் பந்தி

பென் அலி போனதும் நூற்றுக்கு மேற்பட்ட கட்சிகள் முளைத்தன. 2011 அக்டோபரில் 217 பேர் கொண்ட சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். 'என்னஹ்தா' என்ற கட்சி 89 இடம் பிடித்து முதலாவதாக வந்தது. மதப்பற்றுள்ள கட்சி. பென் அலி காலத்தில் சிறையிலும் வெளிநாட்டிலும் கிடந்தவர்களின் கட்சி. தலைவர் ரஷீத் கன்னூஷி.

2013-ல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு உள்நாட்டுச் சண்டையில் விழும் என்று எல்லோரும் பயந்தார்கள். விழவில்லை. தொழிலாளர் சங்கம், முதலாளிகள் சங்கம், வக்கீல்கள் சங்கம், மனித உரிமைச் சங்கம் ஆகிய நாலும் சேர்ந்து கட்சிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்தன. 2014 ஜனவரியில் புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது. அந்த நாலு சங்கங்களுக்கும் 2015-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பெரிய காரியம்தான். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் 2014 கடைசியில் நடந்த தேர்தலைப் பாருங்கள்.

'நிதா தூனிஸ்' என்று ஒரு புதுக் கட்சி. அதன் தலைவர் எஸ்ஸெப்சி. பூர்கிபா காலத்து மந்திரி. "என்னஹ்தா வராமல் தடுக்க வேண்டுமானால் எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்பதுதான் அந்தக் கட்சியின் பிரசாரம். ஜனங்கள் போட்டார்கள். 86 இடம் கிடைத்தது. என்னஹ்தாவுக்கு 69.

சில மாதத்தில் மந்திரிசபை அமைந்தது. உள்ளே யார் என்று பார்த்தால், நிதா தூனிசும் இருக்கிறது, என்னஹ்தாவும் இருக்கிறது! பகலில் சண்டை போட்டவர்கள் இரவில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரியவர்கள் இதைச் சமாதானம் என்றார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் பாராட்டினார்கள். முதல் முறையாக ஓட்டுப் போட்ட வாலிபனுக்கு என்ன தோன்றியிருக்கும்? "இவனை வேண்டாம் என்று சொல்லித்தானே அவனுக்குப் போட்டேன். இப்போது இரண்டு பேருமே வந்துவிட்டார்களே! என் ஓட்டு எங்கே போயிற்று?" இந்தக் கேள்விக்கு எந்தக் கட்சி ஆபீசிலும் பதில் இல்லை. துனிசியா வாலிபருக்கு ஓட்டு கசக்க ஆரம்பித்தது இங்கேதான் என்பது நமது கணிப்பு.

வயது விஷயம் வேறு இருக்கிறது. புரட்சி செய்தவர்கள் இருபது வயதுக்காரர்கள். 2014 டிசம்பரில் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்த எஸ்ஸெப்சிக்கு வயது 88! 2019-ல் பார்லிமெண்டு சபாநாயகர் ஆன கன்னூஷிக்கு வயது 78. வயதானவர்கள் ஆளக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேரன் பிடித்துக் கொடுத்த கோட்டையில் தாத்தா மட்டும் குடியிருந்தால், பேரன் வாசலில் எத்தனை நாள் நிற்பான்?

மின்கம்பத்தில் ஒரு பட்டதாரி

வேலை விஷயத்துக்கு வருவோம்.

துனிசியாவில் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. ஊருக்கு ஊர் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கியவனுக்குத்தான் வேலை கிடைப்பது இன்னும் கஷ்டம். கடற்கரைப் பட்டணங்களில் ஓட்டல் உண்டு, தொழிற்சாலை உண்டு. உள்நாட்டு மாவட்டங்களில் விவசாயமும் கடத்தல் வியாபாரமும்தான். இந்த ஏற்றத்தாழ்வு பூர்கிபா காலத்திலும் இருந்தது, பென் அலி காலத்திலும் இருந்தது. தேர்தல் வந்த பிறகும் அப்படியே இருந்தது.

2016 ஜனவரியில் கஸ்ஸரீன் என்ற ஊரில் ஒரு சம்பவம். வேலையில்லாத பட்டதாரி ஒருவர். சர்க்கார் வேலைக்கான பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்து, எதிர்ப்புக் காட்ட மின்கம்பத்தில் ஏறினார். மின்சாரம் தாக்கிச் செத்தார். அந்த ஊரில் எழுந்த கிளர்ச்சி பல ஊர்களுக்குப் பரவியது. நாடு முழுவதும் இரவு நேர ஊரடங்குச் சட்டம் போட்டார்கள்.

தள்ளுவண்டிக்காரர் செத்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் இன்னொரு அடி. 2017 செப்டம்பரில் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. பென் அலி காலத்தில் ஊழலுக்குத் துணை போன அதிகாரிகளுக்கு மன்னிப்பு! "நான் மன்னிக்க மாட்டேன்" என்று பெயர் வைத்துக்கொண்டு வாலிபர்கள் ஒரு இயக்கமே நடத்தினார்கள். இரண்டு வருடம் ஊர்வலம் போனார்கள். பார்லிமெண்டு கேட்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகளின் ஓட்டுகளும் சேர்ந்து சட்டம் நிறைவேறிவிட்டது.

பத்து வருடத்தில் ஏறக்குறைய பத்து மந்திரிசபைகள் வந்து போயின. ஒரு பிரதம மந்திரியின் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். 2018-ல் நகரசபைத் தேர்தல் வைத்தபோது மூன்றில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மணி அடித்துவிட்டது. கட்சிகள் காதில் வாங்கவில்லை.

கட்சி இல்லாத மனிதர்

2019-ல் ஜனாதிபதித் தேர்தல். 26 பேர் போட்டி. அதில் ஒருவர் கைஸ் சையத். அரசியல் சட்டம் சொல்லிக் கொடுத்த வாத்தியார். வயது 61. கட்சி கிடையாது. பெரிய மேடை கிடையாது. தேர்தல் செலவுக்குச் சர்க்கார் தரும் பணமும் வேண்டாம் என்றார். இலக்கணத் தமிழ் பேசுவது போல, அவர் இலக்கண அரபியில் விறைப்பாகப் பேசுவார். யந்திர மனிதன் என்று கேலிப் பெயர் வைத்தார்கள்.

அந்த யந்திர மனிதன் பின்னால் வாலிபர்கள் திரண்டுவிட்டார்கள்! கட்சிகள் எல்லாம் மோசம் என்று அவர் சொன்னது அவர்களுக்குப் பிடித்தது. இரண்டாவது சுற்றில் நூற்றுக்கு 72 ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். எண்ணிக்கையில் 27 லட்சத்துக்கு மேல்.

ஜெயித்த சில நாட்களில் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் சொல்லாமலே, ஊர் ஊராக வாலிபர்களும் சிறுவர் சிறுமியரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தெருவைக் கூட்டினார்கள். சாலை ஓரக் கல்லுக்கு வர்ணம் அடித்தார்கள். சுவரில் சித்திரம் எழுதினார்கள். "இனி இது நம் நாடு" என்ற எண்ணம்.

அந்தப் படங்களை இன்று பார்த்தால் மனம் என்னவோ செய்கிறது.

அதே மாதம் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 42 பேருக்கும் குறைவு. முதலாவதாக வந்த என்னஹ்தாவுக்கே 52 இடம்தான். 2011-ல் 89, 2014-ல் 69, 2019-ல் 52. படிக்கட்டில் இறங்குவது போல இறங்கியது.

பிறகு கொரோனா வந்தது. பார்லிமெண்டில் கைகலப்பு. 2021 ஜனவரியில் வேலை இல்லாத பையன்கள் இரவில் தெருவுக்கு வந்தார்கள். போலீசார் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் நிறையப் பேர் மீசை முளைக்காத சிறுவர்கள். அப்போது ஆண்டது பென் அலி அல்ல. ஓட்டு வாங்கி வந்த கட்சிகள்! இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

2021 ஜூலை 25. சையத் பார்லிமெண்டை நிறுத்தி வைத்தார். பிரதம மந்திரியை நீக்கினார். பார்லிமெண்டு வாசலில் ராணுவம் நின்றது. அன்று இரவு ஜனங்கள் அழவில்லை. கார் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள்!

"அரசியல் சட்டப்படி இது செல்லுமா?" என்று கேட்க ஒரு கோர்ட்டு இருக்க வேண்டும் அல்லவா? 2014 சட்டத்தில் அதற்கென்று தனிக் கோர்ட்டு உண்டு. ஒரு வருடத்துக்குள் அமைக்க வேண்டும் என்று எழுதியும் இருந்தது. ஏழு வருடம் ஆகியும் அமைக்கவில்லை. எந்தக் கட்சிக்கு வேண்டிய நீதிபதியைப் போடுவது என்ற சண்டை. பார்லிமெண்டு நாலு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒருவரோடு நின்றுவிட்டது. திருடன் வந்த பிறகு பூட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பூட்டு வாங்கவே இல்லையே!

ஓட்டுச்சாவடி காலி

சையத் பழைய பார்லிமெண்டைக் கலைத்தார். 2022 ஜூலையில் புது அரசியல் சட்டத்துக்கு ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார். நூற்றுக்கு 30 பேர் சுமாருக்கு வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் 'சரி' என்றார்கள். சட்டம் நிறைவேறியது. மந்திரிகளை நியமிப்பது, நீக்குவது எல்லாம் இனி ஜனாதிபதி கையில். பார்லிமெண்டுக்குப் பல் பிடுங்கியாகிவிட்டது.

தேர்தல் முறையையும் மாற்றினார். கட்சிப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளரும் தனி ஆளாக நிற்க வேண்டும். 400 பேரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த 400-ல் பாதி பெண்களுடையது, கால் பங்கு 35 வயதுக்கு உட்பட்டவர்களுடையது. வாலிபரின் கையெழுத்து கட்டாயம்! ஓட்டுதான் வரவில்லை.

தேர்தல் நாளாகத் தள்ளுவண்டிக்காரர் தீ வைத்துக்கொண்ட டிசம்பர் 17-ந் தேதியையே குறித்தார்கள்.

கட்சிகள் என்ன செய்தன? என்னஹ்தாவும் அதன் கூட்டாளிகளும் தேர்தலைப் புறக்கணித்தன. இடதுசாரிக் கட்சிகள் ஐந்து சேர்ந்து புறக்கணித்தன. என்னஹ்தாவைக் கண்டாலே ஆகாத அபிர் மூசி என்ற அம்மாளின் கட்சியும் புறக்கணித்தது. ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்ட கட்சிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டன. பத்துத் தொகுதிகளில் ஒரே ஒரு வேட்பாளர். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான தொகுதிகளில் ஏழுக்கு வேட்பாளரே இல்லை!

முதலில் அறிவித்த கணக்கு நூற்றுக்கு 9 கூட இல்லை. பிறகு திருத்தி 11 என்றார்கள். 2023 ஜனவரியில் நடந்த இரண்டாவது சுற்றிலும் அதே 11-தான்.

இங்கே கணக்கில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் வாக்காளர் தாமே போய்ப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 2022-ல் விடுபட்டவர்களை எல்லாம் சர்க்காரே பட்டியலில் சேர்த்துவிட்டது. 70 லட்சமாக இருந்த பட்டியல் 90 லட்சம் ஆயிற்று. ஓட்டுப் போடும் எண்ணமே இல்லாதவர்களும் சேர்ந்ததால் சதவீதம் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். ஆகையால் தலையை எண்ணிப் பார்ப்போம். 2014-ல் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் 35 லட்சம் பேர். 2019-ல் 29 லட்சம் பேர். 2022-ல் 10 லட்சம் பேர்! எப்படி எண்ணினாலும் விழுந்தது விழுந்ததுதான்.

வெற்றி யாருக்கு?

"பார்த்தீர்களா! ஜனங்கள் எங்கள் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். ஜனாதிபதி விலக வேண்டும்" என்றன கட்சிகள்.

சையத் வேறு அர்த்தம் சொன்னார். பார்லிமெண்டு என்ற ஒன்றே ஜனங்களுக்கு வெறுத்துப்போய்விட்டது, அதனால்தான் வரவில்லை என்றார். தாம் நடத்திய தேர்தல் தோற்றதற்குப் பழைய பார்லிமெண்டு காரணம் என்று அர்த்தம்!

இரண்டு பக்கமும் காலிப் பெட்டியைத் தங்கள் வெற்றி என்று எடுத்துக்கொண்டன. வாலிபர்களை யாரும் கேட்கவில்லை.

கட்சிக்காரர் வராததும் வாலிபர் வராததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். இரண்டும் வேறு. கட்சிக்காரருக்குத் தேர்தலை நடத்துகிறவர் மேல் நம்பிக்கை இல்லை. ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டார்கள், இனி ஆடிப் பயன் இல்லை என்கிறார். வாலிபருக்கோ ஆட்டக்காரர்கள் மேலேயே நம்பிக்கை இல்லை. விதி நன்றாக இருந்த காலத்தில் இவர்கள் ஆடியதையும் பார்த்துவிட்டான்.

அப்படி இல்லை என்றால், புறக்கணித்த கட்சிகள் கூட்டிய ஊர்வலங்களுக்கு லட்சக் கணக்கில் ஆள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2023 ஏப்ரலில் கன்னூஷியைக் கைது செய்தார்கள். அதே வருடம் அக்டோபரில் அபிர் மூசியைக் கைது செய்தார்கள். 2011-ல் ஒரு தள்ளுவண்டிக்காரருக்காக எழுந்த நாடு, இந்தத் தலைவர்களுக்காக எழவில்லை.

அந்தக் கைதுகள் நியாயம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. எதிர்க்கட்சிக்காரர், வக்கீல், பத்திரிகைக்காரர் என்று வரிசையாக உள்ளே போனார்கள். 2025 ஏப்ரலில் சதி வழக்கு ஒன்றில் பலருக்குத் தண்டனை கொடுத்தார்கள். ஒருவருக்கு 66 வருடம்! ஜனநாயக நாட்டில் நடக்கிற காரியமா இது? வாலிபருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும், அந்தக் கட்சியின் கொடியைத் தூக்கக் கை வரவில்லை.

2024 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. 17 பேர் மனுக் கொடுத்தார்கள். தேர்தல் கமிஷன் ஏற்றது 3 பேரை. இன்னும் 3 பேரைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கமிஷன் முடியாது என்றது! தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அந்தக் கோர்ட்டுக்குத் தேர்தல் வழக்கில் அதிகாரமே இல்லை என்று பார்லிமெண்டு சட்டம் போட்டது. மிச்சம் இருந்த மூவரில் ஒருவரான அயாஷி ஸம்மெல் சிறையில் இருந்தபடியே போட்டியிட்டார். கையெழுத்துகளைப் பொய்யாகக் காட்டினார் என்று அவர் மீது வழக்கு.

சையத்துக்கு நூற்றுக்கு 90 ஓட்டு விழுந்தது. பெரிய வெற்றி போலத் தெரிகிறது அல்லவா? தலையை எண்ணுங்கள். அவருக்கு விழுந்தது 24 லட்சம். 2019-ல் 72 சதவீதம் வாங்கியபோது விழுந்தது 27 லட்சம்! சதவீதம் ஏறியது, ஓட்டு இறங்கியது.

ஓட்டுப் போட்டவர்களின் வயதைக் கமிஷனே வெளியிட்டது. 18 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் நூற்றுக்கு 6 பேர்! துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டிய அந்தப் பிள்ளைகள் சையத்தையும் கைவிட்டுவிட்டார்கள். கட்சிகளை வெறுத்து அவரிடம் போனவர்கள், அவரிடமிருந்து கட்சிகளிடம் திரும்பவில்லை. எங்கே போனார்கள்?

படகு

பலர் கடலுக்குப் போனார்கள்.

துனிசியாக் கரையிலிருந்து இத்தாலிக்குச் சொந்தமான லாம்பெதூசா தீவு சுமார் 70 மைல். சிறு படகில் இரவில் ஏறித் திருட்டுத்தனமாகப் போவார்கள். இதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'ஹர்கா' என்று பெயர். ஹர்கா என்றால் எரிப்பது. போய்ச் சேர்ந்த இடத்தில் எந்த ஊர் ஆள் என்று தெரியாமல் இருக்க அடையாளக் காகிதங்களை எரித்துவிடுவதால் வந்த சொல்.

2022 செப்டம்பரில் சர்சீஸ் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு படகு கிளம்பியது. 18 பேர். படகு போய்ச் சேரவில்லை. வீட்டார் நாள் கணக்கில் தேடினார்கள். மீனவர்கள் கடலில் தேடினார்கள். கடைசியில் தெரிந்தது என்ன தெரியுமா? கரை ஒதுங்கிய சில உடல்களை, யாரோ அன்னிய நாட்டு அகதிகள் என்று எண்ணி, அடையாளம் பார்க்காமல் அனாதைச் சுடுகாட்டில் புதைத்துவிட்டார்கள்! பெற்ற தாய்க்குச் சொல்லாமல்!

அக்டோபர் 18-ந் தேதி சர்சீஸ் முழுவதும் கடையடைப்பு. ஊரே தெருவில் நின்று, "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டது. அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்ததுதான் அந்த 11 சதவீதத் தேர்தல். அந்த ஊர்த் தாயிடம் போய், "உன் ஓட்டை யாருக்குப் போடுவாய்?" என்று கேட்கிற துணிச்சல் யாருக்கு வரும்?

எல்லோரும் படகு ஏறிவிடவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் சும்மாவும் இல்லை. காபிஸ் என்ற ஊரில் சர்க்காருக்குச் சொந்தமான ரசாயனத் தொழிற்சாலை இருக்கிறது. பாஸ்பேட்டு உரத்துக்கான ஆலை. அதன் புகையும் கழிவும் ஊரைக் கெடுக்கின்றன என்று வருடக் கணக்கில் புகார். 2017-ல் கட்சிகளின் மந்திரிசபை, நாசம் செய்யும் பகுதிகளைப் பிரித்தெடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தது. செய்யவில்லை. பிறகு சையத் வந்தார். ஆலை அப்படியே ஓடியது.

2025 அக்டோபரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர் பொங்கி எழுந்தது. 21-ந் தேதி கடைகளை அடைத்துவிட்டுப் பல ஆயிரக் கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக. ஓட்டுப் போட வராத கால்கள்தான், நடந்து வந்தன. மூச்சு விட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இந்த ஊர்வலத்தைப் பார்த்த பிறகும், வாலிபருக்கு அரசியலில் அக்கறை இல்லை, கைக்கருவியை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறான் என்று சொல்லும் பெரியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

துனிசியாவில் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029-ல் வர வேண்டும். தள்ளுவண்டிக்காரர் செத்த 2011-ல் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது 18 வயது நிறையும். அதுதான் அவர்களுக்கு முதல் ஓட்டு.